மஞ்சள் பாரித்த திரை

உப்புக் காற்று ஓயாமல் வீசும் கடலூரிலும், அங்கிருந்து தெற்கே சிதம்பரம் வரையிலும், பள்ளிக்கூடங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் பல வருஷங்கள் உழைத்த புரொஜெக்டர்கள், படம் சற்றே நிறம் மாறியதும் இனி உதவாதென்று மூலையில் ஒதுக்கப்படுவதைக் காணும்போது மனம் வருந்துகிறது. திரையில் தோன்றும் விகாரங்களில் பெரும்பாலானவை தம் காரணம் இன்னதென்று தாமே காட்டிவிடுகின்றன. நிதானமாகப் பார்ப்பவர் வேண்டும், அவ்வளவுதான்.

படம் முழுவதும் மஞ்சள் பாரித்திருந்தால், முதலில் புரொஜெக்டரின் மெனு பொத்தானை அழுத்துங்கள். மெனு என்பது யந்திரத்துக்குள்ளேயே உருவாகும் சித்திரமாதலால், அதன் வர்ணங்கள் சுத்தமாக இருந்து கம்ப்யூட்டரின் படம் மட்டும் மஞ்சளாகத் தெரிந்தால், கேபிளைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பழைய விஜிஏ கேபிளில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனிக் கம்பிகளில் வருகின்றன. கடற்கரை ஈரத்தில் களிம்பேறியோ, அவசரத்தில் செருகியதால் வளைந்தோ, நீலத்துக்குரிய முள் ஒன்று தொடர்பை இழந்தாலும், எஞ்சிய சிவப்பும் பச்சையும் கலந்து, வெண்மை இருக்கவேண்டிய இடமெல்லாம் மஞ்சளாகிவிடும். கேபிளை மாற்றினால் தோஷம் நீங்கும்.

மெனுவும் மஞ்சளாகவே இருந்தால் விஷயம் வேறு. எல்.சி.டி. வகை யந்திரத்தில், விளக்கின் வெள்ளொளி மூன்று வர்ணங்களாகப் பிரிந்து மூன்று சிறு பலகைகளின் ஊடே செல்கிறது. ஒளியலைகளை ஒரே தளத்தில் அதிரச் செய்யும் மெல்லிய பிலிம் ஒவ்வொரு பலகைக்கும் துணையாக நிற்கிறது. நீல ஒளி சக்தி மிகுந்ததாதலால், அதன் பாதையிலுள்ள பிலிமே பெரும்பாலும் முதலில் வெந்துபோகிறது. அது கருகிய இடத்துக்கு நேராகத் திரையில் மஞ்சள் திட்டு படர்கிறது. இந்நிலையில் புது விளக்கு வாங்கிப் போடுவது வீண் செலவு.

பிலிமை வாட்டும் உஷ்ணத்துக்கு மூலகாரணம் எங்கே இருக்கிறதென்று அறிய, காற்று உட்புகும் வழியிலுள்ள பில்டரைக் கழற்றிப் பாருங்கள்: தூசியும் பஞ்சும் ஈரத்தில் குழைந்து, சாம்பல் நிற மெத்தைபோல் அப்பியிருக்கும். காற்று நுழைய வழியில்லாதபோது, பாதரச ஆவியை ஏறக்குறைய 200 வளிமண்டல அழுத்தத்தில் அடக்கி எரியும் அந்தச் சிறு விளக்கின் சூடு வேறெங்கே போகும்? கரண்ட் திடீரென்று போனால் குளிர்விக்கும் விசிறியும் கூடவே நின்றுவிடுவதால், மின்தடை மிகுந்த ஊர்களில் யு.பி.எஸ். வைத்துக்கொள்வது விளக்கின் ஆயுளைக் காக்கும். படம் மங்கிச் சிமிட்டத் தொடங்கினால்தான் விளக்கையே சந்தேகிக்கலாம்.

டி.எல்.பி. வகைப் புரொஜெக்டர்களின் முதுமை வேறு விதமாக வெளிப்படுகிறது. அமெரிக்காவின் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் லாரி ஹார்ன்பெக் 1987இல் கண்டுபிடித்த, இவ்வகையின் இதயமான சில்லில், கண்ணுக்குப் புலப்படாத லட்சக்கணக்கான கண்ணாடிகள், விநாடிக்குப் பல்லாயிரம் முறை இப்படியும் அப்படியும் சாய்ந்து, ஒளியைத் திரைக்கு அனுப்புவதும் விலக்குவதுமாக இருக்கின்றன என்பது இன்றும் என்னை வியக்கவைக்கும் சாதனை. அவற்றுள் ஒன்று ஒளியைத் திரைக்கு அனுப்பும் பக்கமே சாய்ந்து ஒட்டிக்கொண்டால், திரையில் அசையாத வெள்ளைப் புள்ளி ஒன்று தோன்றும். லென்ஸை எவ்வளவு துடைத்தாலும் அது போகாது. புள்ளிகள் சிலவாக உள்ளவரை பாடம் நடத்த இடையூறில்லை. பெருகினால் சில்லை மாற்றவேண்டும். மாற்றுகிறவரிடம், வெப்பத்தைக் கடத்தும் பசையையும் புதிதாகப் பூசச் சொல்லுங்கள். பழைய பசை காய்ந்திருந்தால் புதிய சில்லும் சூடேறிக் கெடும்.