இரண்டாவது தொழில்

கொழுந்து கிள்ளுவதை மட்டுமே கற்றுக்கொடுத்த ஒரு மலையில் தோட்டம் நின்றுபோனால் என்ன மிஞ்சும்? போனக்காட்டின் அனுபவமும், வெள்ளநாடும் மூணாறும் காட்டும் வழிகளும்.

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகச் சுமார் 60 கி.மீ. ஏறி வரும் சாலை போனக்காட்டோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் காடு. காட்டுக்கு மேல் 1,868 மீட்டர் உயர அகத்தியர்கூடம். மலையேறுகிறவர்களுக்கு இந்த ஊர் ஒரு புறப்படுமிடம். வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் பேய் உலவுவதாகக் கேள்விப்பட்டு வருகிறவர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. இங்கே வேலை செய்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களுக்கோ தலைமுறை தலைமுறையாக ஒரே தோட்டம், ஒரே வேலை, வரிசையாக நிற்கும் லயங்களில் ஓர் அறை.

அந்த ஒரே வேலையும் 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் கைவிட்டுப் போயிற்று. தேயிலைத் தொழிற்சாலையின் இயந்திரங்கள் நின்று துருவேறின. சம்பள பாக்கியும் பணிக்கொடையும் மனுக்களாகவும் பேச்சுவார்த்தைகளாகவும் மாறின. பாக்கி கைக்கு வராமல் வீட்டைக் காலி செய்ய மனமில்லாமல், ஒழுகும் கூரைக்குக் கீழேயே பல குடும்பங்கள் காத்திருந்தன. உடலில் தெம்பு இருந்தவர்கள் தொழிலுறுதித் திட்டத்துக்கும் கூலி வேலைக்கும் போனார்கள். நாற்பது வயதுக்கு மேல் புதிதாக ஒரு தொழில் கற்றுக்கொள்ள அவர்களுக்கு யார் இருந்தார்கள்?

இந்த நிலை ஒரே நாளில் வந்ததல்ல. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, மருத்துவம், குழந்தைகள் காப்பகம் எல்லாவற்றையும் முதலாளியின் பொறுப்பாக்கியது. 6 முதல் 12 வயது வரையிலான பிள்ளைகள் 25 பேருக்கு மேல் இருந்தால் பள்ளி வசதி செய்யச் சொல்லவும் மாநில அரசுக்கு அதிகாரம் தந்தது. பன்னிரண்டு வயதுக்குப் பிறகு? சட்டம் அதற்கு மேல் பேசவில்லை. அம்மாவின் கூடை மகளுக்கு வரும் என்பதே எழுதப்படாத ஏற்பாடு. வீடும் வேலையோடு பிணைந்திருந்ததால், மகன் வெளியே வேலை தேடினாலும் குடும்பத்தில் ஒருவராவது தோட்டத்துக் கணக்கில் பேர் வைத்திருக்க வேண்டியிருந்தது.

மாற்று வழி இருந்த இடம் வெகு தூரத்தில் இல்லை. அதே மாவட்டத்தில், மலையிலிருந்து இறங்கினால் வெள்ளநாடு. சாந்திநிகேதனில் படித்து, டென்மார்க்கிலும் அமெரிக்காவிலும் கிராமக் கல்வி முயற்சிகளைப் பார்த்துத் திரும்பிய கே. விஸ்வநாதன், 1956-இல் தன் சொந்த ஊரான இங்கே மித்ரநிகேதனைத் தொடங்கினார். பழங்குடிப் பிள்ளைகளும் ஏழைப் பிள்ளைகளும் தங்கிப் படிக்க, பாடத்தோடு விவசாயமும் கைத்தொழிலும் சேர்ந்தே நடந்தன. விஸ்வநாதன் 2014-இல் காலமானார். அதற்குள் வேளாண் பயிற்சி தரும் கிருஷி விஞ்ஞான் கேந்திரம் ஒன்றும், இளைஞர்களுக்கான மக்கள் கல்லூரி ஒன்றும் அந்த வளாகத்தில் உருவாகியிருந்தன.

மக்கள் கல்லூரி என்ற எண்ணம் டென்மார்க்கிலிருந்து வந்தது. அங்கே 1844-இல், குருண்ட்விக் என்ற பாதிரியாரின் சிந்தனையைப் பின்பற்றி, விவசாயிகளின் பிள்ளைகளுக்காக முதல் கல்லூரி திறந்தது. தேர்வு கிடையாது, பட்டமும் கிடையாது. சேர்ந்து வாழ்ந்து கற்பதே படிப்பு. பள்ளியில் தோற்றுப்போன ஒருவருக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் இருக்க முடியாது. 'நீ ஃபெயில்' என்று சொல்ல அங்கே ஆளில்லை.

ஆனால் தேயிலைத் தோட்டத்துக்குள்ளேயே இது முடியுமா? முடியும் என்று காட்டியது மூணாறு. அங்கும் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர்கள்தான். 1991-இல் டாடா டீ நிறுவனத்தின் ஆதரவோடு, ரத்னா கிருஷ்ணகுமார் முன்னின்று நடத்திய சிருஷ்டி நல மையம் உருவாயிற்று. உடல் குறைபாடும் மனவளர்ச்சிக் குறைபாடும் உள்ள தொழிலாளர் பிள்ளைகளை எண்ணியே அது தொடங்கப்பட்டது. பெற்றோர் காலையில் மலைக்குப் போனால் வீட்டுக்குள்ளேயே கிடக்க வேண்டியிருந்த பிள்ளைகள் அவர்கள். முதலில் ஒரு பள்ளி. பிறகு பள்ளி முடித்தவர்களுக்கு வேலை. 'அதுல்யா'வில் கையால் காகிதம் செய்கிறார்கள். 'ஆரண்யா'வில் தேயிலைக் கழிவு, யூகலிப்டஸ் இலை, மாதுளைத் தோல் ஆகியவற்றிலிருந்து சாயம் எடுத்துத் துணிக்கு ஏற்றுகிறார்கள். பயிற்சி முடிந்ததும் சான்றிதழைக் கையில் கொடுத்து வழியனுப்பவில்லை. அங்கேயே வேலையும் சம்பளமும் கொடுத்தார்கள். சிருஷ்டியின் பலம் இதில்தான் இருக்கிறது. 2005-இல் டாடா டீ பெரும்பாலான மூணாறு தோட்டங்களைத் தொழிலாளர்களும் பங்குதாரர்களான கண்ணன் தேவன் மலைத் தோட்ட நிறுவனத்திடம் ஒப்படைத்த பிறகும் சிருஷ்டி நடந்தது.

இதையும் மிகைப்படுத்திவிடக் கூடாது. அதே மூணாறில் 2015 செப்டம்பரில் பெண் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் தெருவில் உட்கார்ந்தார்கள். அப்போது அவர்களுடைய நாட்கூலி 232 ரூபாய். சாயப்பட்டறையும் காகிதப் பட்டறையும் சில குடும்பங்களைத் தூக்கிவிடும்; மலை முழுவதற்கும் நியாயமான கூலி வாங்கித் தர அவற்றால் ஆகாது.

தொழிற்பயிற்சிக்கு நாட்டில் திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. 1967-இல் மும்பையில் 'சிரமிக் வித்யாபீடம்' என்று தொடங்கி, பின்னர் 'ஜன் சிக்ஷண் சன்ஸ்தான்' என்று பெயர் மாறிய அமைப்பு, தொண்டு நிறுவனங்கள் மூலமாக எழுத்தறியாதவர்களுக்கும் பள்ளியைப் பாதியில் விட்டவர்களுக்கும் தையல் முதல் மின்வேலை வரை கற்றுத் தருகிறது. ஆனால் மையங்கள் இருப்பது கீழே. மலையிலிருக்கும் பெண் காலையில் பஸ் ஏறி, மாலையில் யானை இறங்குமுன் வீடு சேர வேண்டும். பஸ் தவறினால் அன்றைய வகுப்பும் தவறிவிடும்.

இன்னொரு தடையும் உண்டு. கேரளத் தோட்டங்களுக்குக் குடிவந்த தமிழ்த் தாழ்த்தப்பட்டோரின் பேரப்பிள்ளைகள் சாதிச் சான்றிதழ் கேட்டால், 1950-க்கு முன்பே முன்னோர்கள் கேரளத்தில் வசித்ததற்கு ஆதாரம் கேட்கப்படுகிறது. பெயரில் நிலமில்லாமல், தோட்டத்து லயத்தில் பிறந்து இறந்தவர்களின் வாரிசுகள் எந்தப் பத்திரத்தைக் காட்டுவார்கள்? சான்றிதழ் இல்லையென்றால் இட ஒதுக்கீடும் இல்லை, உதவித்தொகையும் இல்லை.

எனவே தையல் மிஷினை மட்டும் மலையேற்றினால் போதாது. தங்கிப் படிக்க இடம், படித்ததை விற்கச் சந்தை, கையில் ஒரு சான்றிதழ், வேலை போனாலும் போகாத ஒரு வீடு: இந்த நான்கும் சேர்ந்தால்தான் இரண்டாவது தொழில் வேர் பிடிக்கும். வெள்ளநாடும் மூணாறும் முதல் இரண்டைச் செய்து காட்டின. மற்ற இரண்டும் தொண்டு நிறுவனங்களின் கையில் இல்லை. அரசின் கையில் இருக்கின்றன. இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் தோட்டங்கள் இதை இப்போதே யோசிப்பது நல்லது. போனக்காட்டில் யோசிக்கத் தொடங்கியபோது தொழிற்சாலை நின்றுவிட்டிருந்தது.