செம்மணிக்குப் பக்கத்தில் எசேக்கியேல் 37

யாழ்ப்பாணத்தில் கொழும்புத்துறைக்கும் செம்மணிக்கும் இடையில் சில கிலோமீற்றர்தான். கொழும்புத்துறையில் புனித பிரான்சிஸ் சவேரியார் பெரிய குருமடத்தில் குருமாணவர்கள் வேதாகமம் படிக்கிறார்கள். செம்மணிப் பக்கத்தில், அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில், 2025இல் மனிதப் புதைகுழியைத் தோண்டத் தோண்ட எலும்புக்கூடுகள் வந்தன. 1999இல் செம்மணியில் எடுத்தவை 15. இம்முறை தொகை 200ஐத் தாண்டிவிட்டது. உலர்ந்த எலும்புகளின் பள்ளத்தாக்கைச் சொல்லும் எசேக்கியேல் 37ஐ இந்தப் பக்கத்தில் இனி எப்படி வாசிப்பது?

கத்தோலிக்கருக்கு அந்த அதிகாரத்தின் ஒரு பகுதி முதலாம் ஆண்டுத் தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறன்று வரும். லாசர் உயிர்பெறும் யோவான் 11உம் அன்றைக்கே. கல்லறை, நாற்றம், சகோதரிகளின் அழுகை எல்லாம் ஒன்றாய்க் காதில் விழும். சீர்திருத்த மரபுச் சபைகளில் பெரும்பாலும் அது சிறைப்பட்டுப்போன ஒரு மக்களினம் ஊர் திரும்பும் வாக்குறுதி. பெந்தெகொஸ்தே மேடையிலோ எழுப்புதல் செய்தி: உறங்கும் சபை விழிக்க வேண்டும். அந்த எலும்புகள் இஸ்ரயேல் வீட்டாரே என்று 11ஆம் வசனமே சொல்கிறதே என்று கேட்பார்கள். உண்மைதான். ஆனால் இறைவாக்கு உரைக்கும்படி சொல்வதற்கு முன், ஆண்டவர் எசேக்கியேலை அந்த எலும்புகளைச் சுற்றி நடக்க வைக்கிறார். அந்த நடையைத் தாண்டி நேரே நம்பிக்கைக்குப் பாய்கிற பிரசங்கங்கள்தான் எனக்குப் பயத்தைத் தருகின்றன.

1 தெசலோனிக்கர் 4க்கும் இதே கதிதான். இரகசிய வருகையைப் போதிப்பவர்கள் 17ஆம் வசனத்துக்கு, மேகங்களுக்கு, ஓடிவிடுகிறார்கள். 13ஆம் வசனத்தில் பவுல் செத்தவர்களுக்காகத் துக்கப்படுகிறவர்களோடு பேசிக்கொண்டிருக்கிறார். துக்கமே கூடாது என்று அவர் சொல்லவில்லை. நம்பிக்கை இல்லாதவர்களைப்போல் துக்கப்பட வேண்டாம் என்றுதான் எழுதுகிறார்.

இந்த மண்ணுக்கு மிக நெருக்கமான உயிர்ப்புப் பகுதி 2 மக்கபேயர் 7 என்பேன். ஒரே நாளில் ஏழு பிள்ளைகளையும் பறிகொடுக்கும் தாயின் கதை அது. மூன்றாவது மகன் தன் கைகளை நீட்டி, இவற்றை ஆண்டவரிடமிருந்து திரும்பப் பெறுவேன் என்கிறான். ஆவி மட்டும் மோட்சம் போனால் போதும் என்று அவன் சமாதானமாகவில்லை. அவனுக்குக் கைகள் வேண்டும். அதே நூலின் 12ஆம் அதிகாரத்தில் போரில் மாண்டவர்களுக்காகக் காணிக்கை திரட்டப்படுகிறது. இறந்தோருக்காகக் கத்தோலிக்கர் பூசை ஒப்புக்கொடுப்பதற்குக் காட்டும் ஆதாரங்களில் அதுவும் ஒன்று. சீர்திருத்த மரபுச் சபைகளின் வேதாகமத்தில் பொதுவாக அந்த நூல் இல்லை. அவற்றில் பலவற்றில் இறந்தோருக்கான வேண்டுதலும் இல்லை.

2025 ஆகஸ்டில் சித்துப்பாத்தியில் கிடைத்த பொருட்களைச் சனங்கள் வந்து அடையாளம் காட்டலாம் என்று வைத்தார்கள். பள்ளிக்கூடப் பை, விளையாட்டுப் பொம்மை, வளையல், செருப்பு, மண்ணேறிய உடுப்பு. ஒரு தாய் தன் பிள்ளையின் சட்டையோ என்று குனிந்து பார்ப்பதற்கும், ஆணித் தழும்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று தோமையார் கேட்டதற்கும் நான் பெரிய வித்தியாசம் காணவில்லை. யோவான் 20ஐ உயிர்ப்புக்கு அடுத்த ஞாயிறன்று கத்தோலிக்கரும் அங்கிலிக்கரும் ஒவ்வொரு வருடமும் வாசிக்கிறார்கள். அதை விசுவாசக் குறைவுக்கு எச்சரிக்கையாகவே பிரசங்கித்து முடிப்பது அநியாயம். உயிர்த்த உடலில் காயம் அப்படியே இருந்தது. கேட்டவருக்கு அது காட்டப்பட்டது.

நவம்பர் 2இல் சேமக்காலைக்குப் போய்க் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றுகிறோம், குருவானவர் தீர்த்தம் தெளிக்கிறார். போர்க்காலத்தில் காணாமலாக்கப்பட்டோரின் குடும்பங்களுக்குக் கல்லறை எங்கே? மரணச் சான்றிதழை வாங்க மறுத்து 2017 முதல் வீதியோரப் போராட்டத்தில் குந்தியிருக்கும் தாய்மாரிடம் ஆத்தும இளைப்பாற்றிப் பூசைக்குப் பெயர் கேட்க முடியுமா? உயிரோடு வரவேண்டும் என்று மன்றாடினால் ஏமாற்றுவதாகுமோ என்று குருமாரும் போதகர்மாரும் தயங்குகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு செபம் எந்தச் சபையின் செபப் புத்தகத்திலும் என் கண்ணில் படவில்லை. அதை எழுத வேண்டியவர்கள் கொழும்புத்துறைக் கரையில்தான் படிக்கிறார்கள்.

சபைகள் எல்லாம் சேர்ந்து வாசிக்கவும் வழி உண்டு. எபிரேயர் 11:35, செத்தவர்களை உயிரோடு பெற்றுக்கொண்ட பெண்களையும், மேலான உயிர்த்தெழுதலுக்காக வதைபட்டவர்களையும் ஒரே மூச்சில் சொல்கிறது. பின்பாதி மக்கபேயர் தாயின் பிள்ளைகளை நினைத்து எழுதியது என்பது வேத அறிஞர் பலரின் கருத்து. அந்த வசனம் எல்லோருடைய வேதாகமத்திலும் இருக்கிறது.