மஞ்சள் உப்பு

தூத்துக்குடி உப்பளங்களில் விளைவதும், நம் கார் நிக்கோபார்க் கடலில் கரைந்திருப்பதும் ஒரே உப்புத்தான். தூய உப்புப் படிகம் நிறமற்றது. குவித்து வைத்தால் வெண்மையாகத் தோன்றும். அதனுள் சோடியம் அயனிகளும் குளோரைடு அயனிகளும் ஒன்றுக்கு ஒன்றாக அணிவகுத்து நிற்கின்றன.

அப்படிகத்தைச் சோடிய ஆவியில் சூடாக்கினால் மஞ்சளாகிறது. சாயம் எதுவும் சேர்க்கவில்லையே!

மேற்பரப்பில் படியும் சோடிய அணுக்களோடு சேரும்பொருட்டுக் குளோரைடு அயனிகள் சில தம் இடத்தை விட்டு வெளியேறுகின்றன. சோடியம் இழக்கும் எலக்ட்ரான் அவ்வெற்றிடத்தில் குடிபுகுகிறது. அது வெள்ளொளியின் நீலப்பகுதியைக் கவர்ந்துகொள்வதால் எஞ்சிய ஒளி மஞ்சளாகத் தெரிகிறது. இவ்விடத்திற்கு 'எஃப் மையம்' என்று பெயர். செருமானிய மொழியில் 'ஃபார்பே' என்றால் நிறம். பொட்டாசியம் குளோரைடில் இதே குறைபாடு ஊதா நிறம் தரும்.

இப்போது படிகத்தில் குளோரினைவிடச் சோடியம் சற்றே மிகுதி. நீரில் கரைத்தாலோ, வெற்றிடமும் இல்லை, மஞ்சளும் இல்லை.