வீட்டில் பூட்டிய காருக்கு ஒரு வேகமானி

நானுஓயாவை அடுத்த ரதல்ல குறுக்குப் பாதையில் ஒருமுறை இறங்கியவர்களுக்கு, வேகம் என்பது வெறும் எண்ணன்று என்பது விளங்கும். 2023ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் திகதி இரவு, பாடசாலை மாணவரை ஏற்றிவந்த பேருந்து ஒன்று அப்பாதையிலே ஒரு வானுடனும் முச்சக்கர வண்டியுடனும் மோதியதில் 7 உயிர்கள் பறிபோயின. மலைநாட்டுச் சாரதி ஒருவர் தம் முன்னுள்ள முள்ளைப் பார்த்து, தாம் எவ்வளவு விரைவாகச் செல்கிறார் என்று அறிந்துகொள்வது வேடிக்கைக்காக அன்று. அந்த முள் பொய் சொல்லுமாயின், முள்ளே இல்லாதிருப்பதிலும் அது கேடானது.

வேகத்தைக் கண்ணால் மதித்துக்கொள்ளலாமே என்று கேட்போர் உண்டு. பட்டிப்பொலையிலும் அம்பேவளையிலும் இறங்கும் மூடுபனிக்கு அந்த நம்பிக்கை பொருந்தாது. மூடுபனியிலே மனிதர் தம் வேகத்தைக் குறைவாகவே மதிக்கின்றனர் என்று 1998இல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் வெளிவந்த ஓர் ஆய்வு கூறிற்று. தூரத்துப் பொருள்கள் மட்டும் மறையும் இயல்பான பனியிலே வேகத்தைக் கூடுதலாகவே மதிக்கின்றனர் என்று 2012இல் வேறோர் ஆய்வு கூறிற்று. எது சரியாயினும் பனியிலே கண் ஒரு நல்ல அளவுகோலன்று என்பதில் இரண்டுக்கும் மாறுபாடு இல்லை.

தொழிற்சாலையில் செய்த கார்களில் இக்கவலையை முன்னரே வேறு யாரோ பட்டுத் தீர்த்திருப்பார்கள். தாமே பூட்டிய காரில் அதனைத் தாமே படவேண்டும். வீட்டுக் கொட்டகையிலே கார் கட்டும் வழக்கம் இங்கிலாந்தில் நெடுங்காலமாக உண்டு. லோட்டஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்த கொலின் சாப்மன் 1948இல் ஒரு பழைய ஒஸ்ரின் செவன் காரைக் கழற்றி மாற்றியே தம் முதற் காரைக் கட்டினார். 1957இல் வெளிவந்த லோட்டஸ் செவன், வாங்குவோர் தாமே பூட்டிக்கொள்ளும்படி கூறுகளாக விற்கப்பட்டது. அவ்வாறு வாங்கினால் விற்பனை வரி இல்லை என்பது அதன் கவர்ச்சியில் பெரும்பங்கு. இத்தகைய இலகுவான கார்களுக்கு மிகப் பிடித்த விளையாட்டு மலையேற்றப் போட்டி. இங்கிலாந்தின் ஷெல்ஸ்லி வோல்ஷ் குன்றில் அது 1905 முதல் நடந்துவருகிறது. நுவரெலியாவின் மகாகஸ்தொட்டையில் 1934 முதல் அறியப்பட்டது. சித்திரை வசந்த காலத்துக் கூட்டத்தில் பலர் அதனைக் கண்டிருப்பர்.

போட்டியில் ஓடும்போது சாரதிக்கு வேகமானி தேவையில்லை. அங்கே கடிகாரம் ஒன்றே நீதிபதி. போட்டி முடிந்து அதே கார் வீடு திரும்பும்போதுதான் வேகமானியின் வேலை தொடங்குகிறது. இலங்கையிலே மோட்டார் காருக்குக் குடியிருப்புப் பகுதிகளில் மணிக்கு 50 கிலோமீற்றரும் ஏனைய வீதிகளில் 70 கிலோமீற்றரும் எல்லையென விதிக்கப்பட்டுள்ளன. மலைப்பாதையின் வளைவு விதிக்கும் எல்லை இவற்றிலும் மிகக் கீழானது.

பழைய வேகமானியின் உள்ளே இருப்பது ஓர் எளிய சூழ்ச்சி. ஜெர்மானியரான ஒட்டோ ஷூல்ற்சே 1902இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். கியர்ப் பெட்டியிலிருந்து முறுக்குக் கம்பி ஒன்று வந்து ஒரு காந்தத்தைச் சுழற்றும். காந்தத்தைத் தொடாமலே அதன்மேல் கவிந்திருக்கும் அலுமினியக் கிண்ணம் தானும் சுழல முற்படும். மயிரிழை போன்ற சுருள்வில் அதனைப் பிடித்திழுக்கும். இவ்விழுபறி எங்கே சமநிலை அடைகிறதோ அங்கே முள் நிற்கும். மோரிஸ் மைனர் போன்ற கார்களில் இது பல்லாண்டு காலம் பழுதின்றி உழைத்தது. எனினும் அந்தக் கிண்ணமும் வில்லும் ஒரு குறிப்பிட்ட கியர்ப் பெட்டி, குறிப்பிட்ட பின் அச்சு, குறிப்பிட்ட ரயர் ஆகிய மூன்றுக்கும் பொருந்தவே தொழிற்சாலையில் திருத்தப்பட்டவை. வீட்டில் பூட்டிய காரில் கியர்ப் பெட்டி ஒரு வண்டியினது, பின் அச்சு இன்னொன்றினது, சில்லுகள் மூன்றாவதினுடையவை. அங்கே பழைய முள் உண்மை பேசினால் அது தற்செயலே. மின்னணு வேகமானி வேண்டப்படுவதன் காரணம் இதுதான்: அதற்கு ஓர் எண்ணைக் கற்பித்துவிட்டால் எந்தக் காரிலும் உழைக்கும்.

கற்பிக்க வேண்டிய எண், ஒரு கிலோமீற்றர் ஓடும்போது உணரி எத்தனை துடிப்புகளை அனுப்புகிறது என்பதாகும். உணரி என்பது விரற்கடை அளவான ஒரு சிறு குழாய். அதன் முன்னே ஒரு காந்தமோ இரும்புத் துண்டோ கடக்கும்போதெல்லாம் அது ஒரு மின்துடிப்பை அனுப்பும். துடிப்புகள் நெருங்கி வந்தால் வேகம் கூடுதல். விலகி வந்தால் குறைவு. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் உருளை இயந்திரத்தின் சுற்றுகளைச் சுண்ணக்கட்டி அடையாளம் வைத்து எண்ணிய பிற்றர் எவருக்கும் இது புதிதன்று. அங்கே கண் எண்ணியது. இங்கே உணரி எண்ணுகிறது.

உணரியில் இரு வகைகளே கருதத்தக்கவை. முதலாவது, காந்தத்தின்மேல் கம்பி சுற்றிய எளிய வகை. இரண்டு வயர்களே உண்டு; பற்றறி மின்சாரம் வேண்டாம். ஆயினும் அது தரும் மின்னழுத்தம் வேகத்தோடு ஏறி இறங்குவது. மெல்ல ஊரும்போது துடிப்பு தேய்ந்து மறைந்துவிடும். கொழுந்து லொறியின் பின்னே மணிக்கு 8 கிலோமீற்றரில் ஊர்வது அன்றாட நிகழ்ச்சியான மலைநாட்டில் இக்குறை பெரிது. மற்றையது, எட்வின் ஹோல் என்ற அமெரிக்கர் 1879இல் கண்ட விளைவின்மேல் அமைந்தது. மின்சாரம் ஓடும் மெல்லிய தகட்டருகே காந்தப்புலம் வந்தால் தகட்டின் இரு ஓரங்களுக்கிடையே சிறு மின்னழுத்தம் தோன்றும். அது காந்தம் நெருங்கியிருப்பதைப் பொறுத்ததேயன்றி, எவ்வளவு விரைவாக வந்தது என்பதைப் பொறுத்ததன்று. எனவே ஊர்ந்து செல்லும்போதும் துடிப்புத் தவறாது. இதற்கு மூன்று வயர்கள் உண்டு: மின்சாரம், தரை, துடிப்பு. மலைப்பாதைக்கு ஹோல் உணரியே ஏற்றது.

செய்மதி கொண்டு வேகம் அறியும் கருவிகளும் கடையில் உண்டு; பூட்டுவது மிக எளிது. சமவெளியில் அவை நன்றாகவே உழைக்கும். ஆனால் ஒரு புறம் செங்குத்தான மலைச்சுவரும் மறுபுறம் கருப்பந்தைல மரங்களும் வானை மறைக்கும் இடங்களில் அவை தடுமாறும். வேகம் மாறிச் சற்றுத் தாமதித்தே எண் மாறும். சரிபார்ப்பதற்கு அவை நல்ல சாட்சி. தனித் துணையாகப் போதா.

உணரியை எங்கே வைப்பது என்பதில்தான் அதிகப் பிழைகள் நேர்கின்றன. பலர் முதலில் எண்ணுவது சில்லின் பிரேக் தட்டு. அதிலே காந்தங்களைப் பசையிட்டு ஒட்டுவது மிக எளிது. மலைநாட்டில் அதுவே மிகத் தவறு. 700 கிலோகிராம் எடையுள்ள கார் 1000 மீற்றர் உயரம் இறங்கும்போது விடுபடும் சக்தி, 20 லீற்றர் குளிர்நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. நுவரெலியாவிலிருந்து இறம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்குபவர் இதற்கும் மேலே இறங்குகிறார். இயந்திரமும் காற்றும் ஒரு பங்கைத் தாங்கினாலும் எஞ்சிய வெப்பம் பிரேக்கிலேயே சேரும். சாதாரண நியோடிமியக் காந்தம் 80 பாகை செல்சியசுக்கு மேல் தன் வலிமையை இழக்கத் தொடங்கும். பசையும் இளகும். ஆகவே, வேகமானி மிகத் தேவைப்படும் இறக்கத்திலேயே அது கைவிடும்.

சில்லிலே வைக்கத்தான் வேண்டுமாயின், காந்தத்தை விட்டு, பிரேக் தட்டைப் பிடித்திருக்கும் போல்ட் தலைகளையே எண்ணக்கூடிய, உள்ளேயே காந்தம் அடங்கிய உணரியை வாங்கலாம். வெப்பத்தைத் தாங்கும் அளவு அதன்மேல் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குதல் வேண்டும். அதனைச் சட்டத்தில் பூட்டாமல், சில்லோடு சேர்ந்து ஏறி இறங்கும் பாகத்திலேயே பூட்டவேண்டும். இடைவெளி ஒன்று முதல் இரண்டு மில்லிமீற்றர். சட்டத்தில் பூட்டினால் முதற் குழியிலேயே அந்த இடைவெளி கெட்டுவிடும்.

பின் சில்லுகள் ஓட்டும் காருக்கு இதனினும் சிறந்த இடம், கியர்ப் பெட்டியிலிருந்து பின் அச்சுக்குச் செல்லும் நீண்ட தண்டு. கொண்டை ஊசி வளைவிலே இதன் சிறப்பு விளங்கும். காரின் நடு 8 மீற்றர் ஆரையில் திரும்புகிறது, சில்லுகளின் இடைவெளி 1.25 மீற்றர் என்று கொண்டால், உட்சில்லு உண்மை வேகத்திலும் ஏறத்தாழ 8 விழுக்காடு குறைவாகவும், வெளிச்சில்லு அவ்வளவு கூடுதலாகவும் சுழலும். தண்டு இவ்விரண்டின் சராசரியையே காட்டும். மழைச் சேற்றில் பின் சில்லு வழுக்கிச் சுழன்றால் தண்டும் ஏமாறும் என்பது மெய். அப்போது சாரதி முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்கமாட்டார்.

தண்டிலே இரு காந்தங்களை எதிரெதிரே வைக்கவேண்டும். ஒன்றை மட்டும் வைத்தால் தண்டின் நிறை ஒருபுறம் சாய்ந்து, விரைந்து சுழலும்போது கார் அதிரும். பசையை மட்டும் நம்பாது, துருப்பிடிக்காத உருக்குப் பட்டியால் சுற்றி இறுக்குவது நன்று. பின் அச்சு ஏறி இறங்குவது. ஆகவே கியர்ப் பெட்டியை ஒட்டிய முனையில் உணரியை நிறுத்தவேண்டும். அங்கே தண்டு அசைவது மிகச் சிறிதே. தாங்கியைத் தகரத்தில் வெட்டாமல் மூன்று மில்லிமீற்றர் உருக்கில் வெட்டவேண்டும். அதிரும் தாங்கி இல்லாத துடிப்புகளையும் எண்ணவைக்கும்.

இனி அளவு திருத்தம். ரயரின் மேல் எழுதியுள்ள அளவிலிருந்து கணக்கிடுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர்: காரின் பாரத்தால் ரயர் சப்பையாகி, ஒரு சுற்றில் உருளும் தூரம் குறையும். 13 அங்குலச் சில்லில் 155 அகலமும் 80 விழுக்காட்டு உயரமும் உள்ள ரயரின் சுற்றளவு கணக்குப்படி 1.82 மீற்றர், நிலத்தில் உருளுவதோ சுமார் 1.76 மீற்றர். சரியான வழி இது: ரயருக்கு வழக்கமான காற்றை அடைத்து, சாரதியின் இருக்கையில் ஒருவரை அமர்த்தி, சமமான சீமெந்துத் தரையில் காரை மெல்லத் தள்ளவேண்டும். ரயரிலும் தரையிலும் சுண்ணக்கட்டிக் குறியிட்டுப் பத்துச் சுற்று உருட்டி நாடாவால் அளக்கவேண்டும். 17.60 மீற்றர் வந்தால் ஒரு சுற்று 1.76 மீற்றர், ஒரு கிலோமீற்றரில் 568 சுற்றுகள். சில்லில் நான்கு போல்ட்டுகளை எண்ணினால் கிலோமீற்றருக்கு 2273 துடிப்புகள். தண்டில் இரு காந்தங்கள் வைத்து, பின் அச்சின் விகிதம் 4.2 ஆனால், 568ஐ 8.4ஆல் பெருக்க ஏறத்தாழ 4773 வரும். இவ்வெண்ணை வேகமானியில் பதித்துவிட்டு, நுவரெலியாவின் கிரகறி வாவிக்கரை போன்ற சமமான பாதையில் செய்மதிக் கருவியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். சாய்வைப் பற்றிக் கவலை வேண்டாம்: பத்துக்கு ஒன்று ஏற்றத்திலேகூட வரைபடத் தூரத்துக்கும் வீதித் தூரத்துக்கும் உள்ள வேறுபாடு அரை விழுக்காடே.

திருத்தத்தில் சிறு பிழை நேருமாயின் எப்பக்கம் நேரவேண்டும்? ஐக்கிய நாடுகளின் வாகன ஒழுங்கு 39 இதற்குத் தெளிவான விடை தருகிறது. வேகமானி உண்மை வேகத்திலும் குறைவாக ஒருபோதும் காட்டக்கூடாது. உண்மை வேகத்தின் பத்திலொரு பங்கோடு 4 கிலோமீற்றர் சேர்ந்த அளவுவரை கூடுதலாகக் காட்டலாம். பின்னர் பெரிய ரயர் மாட்டுவோர் இதனை மீறுகின்றனர். ரயர் பெரிதானால் முள் குறைவாகவே காட்டும். ரயர் மாற்றியவுடன் சுண்ணக்கட்டியை மீண்டும் எடுக்கவேண்டும்.

எஞ்சுவது வயர் வேலை. அது பெரும்பாலும் பொறுமையின் வேலை. உணரியின் மின்சாரத்தை இயக்கச் சாவிக்குப் பின்னிருந்து, ஓர் அம்பியர் உருகியின் வழியாக எடுக்கவேண்டும். துடிப்பு வயரைத் தீப்பொறி வயர்களுக்கு அருகே கொண்டுசெல்லலாகாது. கார் நின்றிருக்க, இயந்திரத்தை மட்டும் ஓடவிட்டு அதன் சுற்றை ஏற்றிப் பார்த்தல் வேண்டும். அப்போது முள் துள்ளினால், அது எண்ணுவது சில்லையன்று, தீப்பொறியை. உலோக உறையிட்ட வயரைப் போட்டு, உறையின் ஒரு முனையை மட்டும் தரையோடு இணைத்தால் பெரும்பாலும் அடங்கும்.

மழை பற்றியும் ஒரு சொல். அட்டனுக்குக் கீழே உள்ள வட்டவளை, இலங்கையில் மிகுந்த மழை பெறும் இடங்களுள் ஒன்று. அவ்வழியே ஓடும் காரின் அடியில் உள்ள இணைப்புகள் ஒரு பருவம் தாங்கினாலே பெரிது. இறப்பர் அடைப்புள்ள இணைப்பிகளையே பூட்டி, வயர் இணைப்பை அடையுமுன் சற்றுத் தாழ்ந்து வளைந்து ஏறும்படி விடவேண்டும். நீர் அந்த வளைவின் அடியிலே சொட்டிவிடும். பதித்த துடிப்பெண்ணையும் ரயரின் அளவையும் முகப்புப் பலகையின் உட்புறத்தில் வண்ணத்தால் எழுதிவிட்டால், பற்றறி கழற்றிய நாளிலோ கார் கைமாறிய நாளிலோ அடுத்தவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.