விரிசலுக்கும் ஒரு கணக்கு

மாடித் தளத்தின் அடிப்புறத்தில் மயிரிழை போன்ற கோடு ஒன்று கண்ணில் பட்டுவிட்டால், நம்மில் பலருக்கு அன்றிரவு உறக்கம் வருவதில்லை. சிலர் கொத்தனாரை நிந்திப்பார்கள். சிலர் சிமெண்டில் மோசம் என்பார்கள். ஆனால், இரும்புக் கம்பி வைத்துக் கட்டிய கான்கிரீட்டில் விரிசல் விழுமென்பது இஞ்சினீயர்கள் எதிர்பார்த்த விஷயமே. எவ்வளவு அகலத்திற்கு விழும் என்பதையே அவர்கள் முன்கூட்டிக் கணிக்கிறார்கள்.

கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்குவதில் வலியது. இழுப்பைத் தாங்கும் சக்தியோ அதில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்குதான். உத்தரத்தின்மேல் பாரம் ஏறினால், அது சற்றே வளைந்து, அதன் அடிப்பாகம் இழுபடுகிறது. அங்கேதான் கம்பிகளை வைக்கிறார்கள். மீட்டருக்குச் சுமார் 0.1 மில்லிமீட்டர் நீண்டாலே கான்கிரீட் கீறிவிடும். கம்பியோ, தன் பங்குப் பாரத்தைத் தாங்க அதைப்போலப் பல மடங்கு நீள வேண்டியிருக்கிறது. ஆகவே, கான்கிரீட் கீறிய பிறகுதான் கம்பி முழு வேலையைச் செய்யத் தொடங்குகிறது!

இந்த நீட்சியே கணக்கின் அடிப்படை. ஒரு மீட்டரில் கம்பி 0.8 மில்லிமீட்டர் நீள்வதாக வைத்துக்கொள்வோம். அது இரண்டு விரிசல்களில் அடங்கினால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர் அகலம். எட்டில் பங்கிடப்பட்டால் 0.1 மில்லிமீட்டர்தான். பருத்த கம்பிகளை எட்ட எட்ட வைப்பதைவிட, மெல்லிய கம்பிகளை நெருக்கமாக வைப்பது நலம் என்பதற்குக் காரணம் இதுவே. கம்பியின் நீட்சி, கம்பிகளின் இடைவெளி, அவற்றை மூடியுள்ள கான்கிரீட்டின் கனம் முதலியவற்றைச் சூத்திரத்தில் இட்டு அகலத்தைக் காண்கிறார்கள். 2000-ம் ஆண்டில் வெளியான இந்தியத் தர விதி, பொதுவாக 0.3, ஈரமோ மண்ணோ படுமிடத்தில் 0.2, மிகக் கடுமையான சூழலில் 0.1 மில்லிமீட்டர் என்று எல்லை வகுத்தது.

எனினும், பாரத்தை மட்டும் கணக்கிட்டுப் பிரயோஜனமில்லை. கான்கிரீட் உலரும்போது சுருங்குவது. முதல் ஏழு நாட்களாவது ஈரம் காயாமல் காக்காவிட்டால், பாரம் ஏறுமுன்பே விரிசல் கண்டுவிடும். தண்ணீர் ஊற்றும் கூலியில் பிடித்த மிச்சம் பின்னால் வட்டியோடு செலவாகும்.

விரிசலைக் கண்ட வீட்டார் அதன் இரு முனைகளிலும் பென்சிலால் குறியிட்டுத் தேதியை எழுதி வைக்கலாம். மாதங்கள் பல சென்றும் குறியைத் தாண்டாத மயிரிழை பெரும்பாலும் அச்சத்திற்குரியதன்று. ஆனால், நீண்டுகொண்டே போனாலும், கம்பியின் போக்கிலேயே ஓடித் துருநிறம் கசிந்தாலும், உத்தரத்தின் முனையருகே சாய்வாக விழுந்தாலும் உடனே இஞ்சினீயரை அழைத்துக் காட்ட வேண்டும். துரு, இரும்பைவிட இரு மடங்குக்கும் மேலாக இடம் கொள்வது. உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளந்துவிடும். அதன்மேல் சுண்ணாம்பு பூசி மறைப்பது, ஜுரம் கண்டவனைப் போர்வையால் மூடிவிட்டு வைத்தியரை மறந்திருப்பதற்கு ஒப்பாகும்.