பாற்கட்டிக் கடை தொடங்குமுன் அறியவேண்டியவை

ஊவா மாகாணத்தின் மலைச்சரிவுகளில் நெல்லும் மரக்கறியும் தேயிலையும் அடுத்தடுத்து விளைகின்றன. பதுளையைச் சூழ்ந்த பள்ளங்களிற் படிவயல்கள் உள்ளன. வெலிமடை, பண்டாரவளைப் பகுதிகளில் உருளைக்கிழங்கு, போஞ்சி, கோவா, கரட் முதலியன பயிராகின்றன. இவற்றுக்கு மேலே தேயிலைத் தோட்டங்கள் விரிந்துள்ளன. இந்நிலங்களில் வாழும் குடும்பங்கள் பலவற்றில் ஒன்றிரண்டு கறவைப் பசுக்கள் உண்டு. வயலின் வைக்கோலும் தோட்ட ஓரத்துப் புல்லும் பசுவுக்கு உணவாகின்றன. பசுவின் சாணம் மரக்கறிப் பாத்திக்கு எருவாகின்றது.

பால் விரைவிற் கெடும் பொருள். கறந்த சில மணி நேரத்துள் அது சேகரிப்பு நிலையத்தை அடைதல் வேண்டும். தெரு பழுதாயினும், வண்டி வாராவிடினும் அன்றைய பால் வீணாகும். பாலைப் பாற்கட்டியாக மாற்றினால் அதன் ஆயுள் நீளும், சுமையும் குறையும். பண்டாரவளை, எல்ல, அப்புத்தளை ஆகிய இடங்களில் உல்லாசப் பயணிகளுக்கான விடுதிகள் பல இருத்தலால், அங்கு ஒரு சிறு பாற்கட்டிக் கடை நடத்தலாம் எனச் சிலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் நன்றே. ஆயின், கடையைத் திறக்குமுன் செய்து முடிக்கவேண்டிய காரியங்கள் பல உள. அவற்றைச் செய்யாது முதலிடுவோர் பசுவையும் விற்று நட்டத்தை ஈடுசெய்ய நேரும்.

பாற்கட்டி என்பது யாது?

பாலில் நீர், கொழுப்பு, புரதம், சர்க்கரை, உப்புக்கள் ஆகியன அடங்கியுள்ளன. பாலின் முக்கிய புரதம் கேசீன் ஆகும். புளிப்பைச் சேர்த்தாலோ, றெனற் என்னும் உறைபொருளைச் சேர்த்தாலோ கேசீன் திரண்டு, கொழுப்பைத் தன்னுள் அடக்கிக்கொண்டு கட்டியாகும். எஞ்சும் நீர் மஞ்சள் கலந்த பச்சை நிறத் தெளிநீராகப் பிரியும். அக்கட்டியை வடித்து, உப்பிட்டு, அழுத்தி எடுப்பதே பாற்கட்டி.

பழைய முறையில் றெனற் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படும். இந்நாளில் பூஞ்சணத்திலிருந்து பெறப்படும் உறைபொருளும் கிடைக்கின்றது. இந்துக்களும் மரக்கறி உணவினரும் வாங்குவாராதலால், இவ்வகையைப் பயன்படுத்தி அதனை உறையில் அச்சிட்டுக் காட்டுதல் விற்பனைக்கு உதவும்.

வழியற்ற மலையிடங்களுக்குப் பாற்கட்டி பொருத்தமானது என்பதற்கு நேபாளம் சான்றாகும். அங்கு லாங்டாங் பள்ளத்தாக்கில், 1950களில், சுவிட்சர்லாந்து நிபுணரின் உதவியுடன் யாக் மாட்டின் பாலிலிருந்து பாற்கட்டி செய்யும் தொழில் ஆரம்பிக்கப்பட்டது. பாலாகக் கொண்டுசெல்ல இயலாததைக் கட்டியாக்கி, மனிதர் முதுகிற் சுமந்து சந்தைக்குச் சேர்த்தனர்.

முதலில் வேண்டுவது நல்ல பால்

கெட்ட பாலிலிருந்து நல்ல பாற்கட்டி செய்யும் வித்தை எவரிடமும் இல்லை. கறக்குமுன் மடியைக் கழுவித் துடைத்து உலர்த்துக. ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதற்பாலைக் கறுத்த கிண்ணத்திற் பீச்சிப் பார்க்க. திரிகளோ நீர்த்தன்மையோ காணப்படின் அது மடியழற்சியின் அறிகுறி. அப்பாலை மற்றப் பாலுடன் கலத்தல் ஆகாது.

நோயுற்ற பசுவுக்கு நுண்ணுயிர்கொல்லி மருந்து ஏற்றியிருப்பின், கால்நடை வைத்தியர் குறித்த நாட்கள் முடியும்வரை அதன் பாலை விலக்குக. அம்மருந்து உண்பவருக்குத் தீங்கு செய்வதுடன், பாற்கட்டியைப் புளிக்கச் செய்யும் நல்ல நுண்ணுயிர்களையும் கொன்றுவிடும். ஒரு பசுவின் மருந்துப் பால் ஒரு நாளைப் பால் முழுவதையும் கெடுக்கப் போதுமானது.

மரக்கறிக் கமக்காரர் மற்றொன்றையும் கவனித்தல் வேண்டும். கழித்த கோவா இலை, போஞ்சிக் கொடி முதலியவற்றைப் பசுவுக்குக் கொடுப்பது வழக்கம். அண்மையிற் பூச்சிமருந்து தெளித்த பாத்தியின் இலைகளைக் கொடுத்தல் கூடாது. அந்நஞ்சு பாலிலும் வெளிப்படும்.

பாலில் நீர் கலப்பவர் சேகரிப்பு நிலையத்தை ஏமாற்ற முயல்கிறார். பாற்கட்டி செய்பவர் அவ்வாறு செய்யின் தம்மையே ஏமாற்றுகிறார். நீரிலிருந்து கட்டி திரளாது.

பாச்சராக்கம்

பச்சைப் பாலின் மூலம் காசநோயும், கருச்சிதைவை உண்டாக்கும் புரூசெல்லா நோயும் மாட்டிலிருந்து மனிதனுக்குத் தொற்றும். ஆதலால் பாலைச் சூடாக்கிக் கிருமிகளை அழித்தல் இன்றியமையாதது. பாலை 63 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடம் வைத்திருத்தல் சிறு அளவில் செய்வோருக்கு ஏற்ற முறை. வெப்பமானி இன்றிக் கையால் தொட்டுப் பார்த்து இதனைச் செய்ய இயலாது.

வீட்டில் தேநீருக்குப் பால் காய்ச்சுவதுபோல் பொங்கக் காய்ச்சிய பால் றெனற்றினால் இறுகி உறையாது. மிகுந்த சூட்டில் பாலின் வேறொரு புரதம் கேசீனுடன் ஒட்டிக்கொள்வதே இதற்குக் காரணம். புதிதாகச் செய்வோர் பலர் உறைபொருளைக் குறைகூறுவர்; குறை சூட்டிலேயே இருக்கும்.

எவ்வகையிற் தொடங்குவது?

முதலிற் தொடங்க ஏற்றது புளிப்பால் திரட்டும் புதுப் பாற்கட்டி. இதற்குப் பாலை 85 முதல் 90 பாகை வரை சூடாக்கிச் சற்று ஆறவிட்டு, லீற்றர் ஒன்றுக்கு ஏறக்குறைய 2 கிராம் சித்திரிக் அமிலத்தை நீரிற் கரைத்து, மெல்லக் கலக்கிக்கொண்டே ஊற்றல் வேண்டும். கட்டியும் தெளிநீரும் பிரிந்ததும் சுத்தமான துணியில் வடித்துப் பாரம் வைத்து அழுத்துக. 10 லீற்றர் பசுப்பாலிலிருந்து ஏறக்குறைய ஒன்றேகால் முதல் ஒன்றரைக் கிலோ வரை கிடைக்கும். குளிர்ப்பெட்டியில் வைத்து ஒரு வாரத்துள் விற்றுவிடல் வேண்டும். பொரித்துக் கறியிலிடவும் உதவுவதால் உள்ளூர்க் குடும்பங்களும் வாங்கும்.

இரண்டாவது வகை றெனற்றால் உறையவைத்து முதிரச்செய்யும் கடினப் பாற்கட்டி. பாச்சராக்கிய பாலை 32 பாகை அளவுக்கு ஆறவைத்து, புளிக்கவைக்கும் நுண்ணுயிர் வித்தும் பின்னர் றெனற்றும் இடுவர். முக்கால் மணி நேரத்துள் உறையும் கட்டியைச் சிறு துண்டுகளாக வெட்டிக் கிளறி, தெளிநீரை வடித்து, உப்பிட்டு அச்சில் அழுத்துவர். 10 லீற்றர் பாலுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கிடைக்கும். பின்னர் மாதக்கணக்கில் முதிரவைத்தல் வேண்டும்.

முதிரவைக்கும் அறையின் வெப்பம் 10 முதல் 13 பாகைக்குள் மாறாதிருத்தல் நன்று. மலைநாட்டுக் குளிரே போதுமென எண்ணுதல் தவறு. பதுளை கடல்மட்டத்திலிருந்து 700 மீற்றருக்கும் குறைந்த உயரத்திலேயே உள்ளது. ஏறக்குறைய 1,400 மீற்றர் உயரமான அப்புத்தளையிலும் பகல் வெப்பம் இவ்வளவைத் தாண்டும். ஆகவே குளிரூட்டல் வேண்டும். குளிரூட்டலுக்கு மின்சாரம் வேண்டும். 2022ஆம் ஆண்டு பங்குனி மாத இறுதியில் நாட்டில் நாளொன்றுக்குப் 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்ததை எவரும் மறந்திரார். மாற்றுவழி இல்லாதவர் முதிர்ந்த பாற்கட்டியில் இறங்காதிருத்தலே நன்று.

முடங்கும் முதல்

பலரும் எண்ணிப் பாராத கணக்கு ஒன்று உண்டு. நாளொன்றுக்கு 20 லீற்றர் பாலிலிருந்து கடினப் பாற்கட்டி செய்பவருக்கு 2 கிலோ கிடைக்கும். அதனை 90 நாட்கள் முதிரவைப்பின், முதற் கட்டி விற்பனைக்கு வரும் நாளில் அறையில் 180 கிலோ இருக்கும். அதாவது 1,800 லீற்றர் பாலின் விலை அலமாரியில் முடங்கியிருக்கும். அம்மூன்று மாதமும் வீட்டுச் செலவுக்கும் பிண்ணாக்குக்கும் பணம் எங்கிருந்து வரும்? புதுப் பாற்கட்டியை ஒரு வாரத்துள் விற்பவருக்கு முடங்குவது 140 லீற்றர் பாலின் விலை மட்டுமே. சிறு முதலினர் புதுப் பாற்கட்டியிற் தொடங்கவேண்டும் என்பதற்கு இதுவே தலையாய காரணம்.

சொந்தப் பசுவின் பால் ஆதலின் பாலுக்குச் செலவில்லை எனக் கருதுவதும் பிழை. சேகரிப்பு நிலையம் தரும் விலையையே பாலின் அடக்கமாகக் கொள்க. அதனுடன் உறைபொருள், உப்பு, விறகு அல்லது எரிவாயு, மின்சாரம், உறை, போக்குவரத்து, வேலை செய்வோர் கூலி ஆகியவற்றைக் கூட்டுக. கெட்டுப்போகும் பங்குக்கும் ஒரு தொகை ஒதுக்குக. விற்பனை விலை இவையனைத்துக்கும் மேற்படாவிடின் பாலைப் பாலாக விற்பதே இலாபம். இல்லத்தரசி விடியுமுன் எழுந்து பாத்திரம் கழுவும் உழைப்பையும் கூலியாகவே கணக்கிடல் வேண்டும்; கொழுந்து பறிக்கச் செல்பவருக்கு அவ்வுழைப்பு இரட்டைச் சுமையாகும்.

ஆண்டு முழுவதும் பால்

கடைக்கு வருவோர் ஒரு முறை வெறுங்கையுடன் திரும்பினால் மறுமுறை வாரார். பசுவோ கன்று ஈனுமுன் ஏறக்குறைய இரண்டு மாதம் வற்றவிடப்படல் வேண்டும். எனவே பசுக்கள் வெவ்வேறு காலத்தில் ஈனுமாறு ஒழுங்குசெய்க. அல்லது அயலார் சிலர் கூடிப் பாலைச் சேர்க்க.

ஊவாவில் ஆனி முதல் புரட்டாதி வரை வறண்ட காற்று வீசும், புல் குறையும், பாலும் குறையும். ஐப்பசியில் தொடங்கும் மழையில் நன்கு வளரும் சீஓ-3 புல்லை வரப்பிலும் சரிவிலும் நட்டு வைக்கலாம். நெற்செய்கையாளர் வைக்கோலை எரித்தல் தகாது. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 100 லீற்றர் நீரிற் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாது மூன்று வாரம் மூடிவைப்பின் அது சிறந்த உணவாகும். மூடியைத் திறந்து சற்றுக் காற்றாட விட்ட பின்னரே கொடுக்க. ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்கு அதனைக் கொடுத்தல் கூடாது.

தெளிநீர்

10 லீற்றர் பாலில் 8 லீற்றருக்கு மேல் தெளிநீராகப் பிரியும். இதனை ஓடையில் ஊற்றினால் நீரிலுள்ள உயிர்வாயு குறைந்து மீன்கள் இறக்கும். கீழே வாழ்வோர் குடிக்கும் நீரும் கெடும். பன்றி வளர்ப்போருக்கு இது நல்ல தீனி. மாட்டுத்தீனியைக் கலப்பதற்கும் உதவும். முதல் நாளிலேயே இதற்கு வழி தேடிவைத்தல் வேண்டும்.

அனுமதியும் இடமும்

விற்பனைக்கு உணவு செய்வோர் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்துக்கு அமைந்து நடத்தல் வேண்டும். இடத்தைத் தெரிவுசெய்யும்போதே பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழைத்துக் காட்டுவது பின்னர் சுவரை இடித்துக் கட்டும் செலவைத் தவிர்க்கும். உள்ளூராட்சி மன்றத்தின் வியாபார அனுமதியும் பெறல் வேண்டும். தோட்டக் குடும்பங்கள் பலவற்றுக்கு லயமும் அதனைச் சூழ்ந்த நிலமும் சொந்தமல்ல. ஆதலால் கொட்டிலோ அறையோ கட்டுமுன் தோட்ட நிருவாகத்திடம் எழுத்து மூலம் அனுமதி பெறுக. வாய்ச்சொல்லை நம்பிக் கட்டிய கட்டிடம் நிருவாகி மாறும்போது கேள்விக்கு உள்ளாகும்.

நோய்ப் பரிசோதனைக்கும் மாடு வளர்ப்பு ஆலோசனைக்கும் அரச கால்நடை வைத்திய அலுவலகத்தை நாடலாம். பதுளையில் 2005ஆம் ஆண்டு நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் விலங்கு விஞ்ஞானம் கற்பிக்கப்படுவதால், அங்குள்ள ஆசிரியரையும் அணுகி ஐயம் தீரலாம்.

படிப்படியாகத் தொடங்குக

ஹைலண்ட், கொத்மலை ஆகிய பெயர்களில் உள்நாட்டுப் பாற்கட்டி கடைகளில் விற்கப்படுகின்றது. பெரும் ஆலையுடன் விலையிற் போட்டியிடச் சிறு கடையால் இயலாது. புதுமையிலும் சுவையிலுமே போட்டியிடலாம்.

முதல் மூன்று மாதம் வாரத்தில் இரு நாள் 5 லீற்றர் பாலை மட்டும் எடுத்துச் செய்து பழகுக. எஞ்சிய பால் வழக்கம்போல் சேகரிப்பு நிலையத்துக்குச் செல்லட்டும். மாத வருமானம் நிற்றல் ஆகாது. ஒவ்வொரு முறையும் பாலின் அளவு, வெப்பம், நேரம், கிடைத்த நிறை, கெட்ட நிறை ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதுக. இருபது முறை தொடர்ந்து ஒரே தன்மையான கட்டி கிடைத்தபின், உரிய அனுமதியுடன் இரண்டு மூன்று விடுதிகளுக்கும் அயலாருக்கும் கொடுத்துப் பார்க்க. மீண்டும் கேட்போர் எத்தனை பேர் என்பதையும் அதே ஏட்டிற் குறிக்க. செய்த நாள், பயன்படுத்தவேண்டிய இறுதி நாள், நிறை ஆகியன ஒவ்வொரு பொதியிலும் இருத்தல் வேண்டும்.

செய்வது வாரந்தோறும் மிச்சமின்றி விற்றுத் தீர்ந்து, மேலும் கேட்போர் இருப்பின், அப்போது கடைக்கு வாடகை பேசலாம். அவ்வாறு விற்றுத் தீராவிடின் இழப்பது சில லீற்றர் பால் மட்டுமே. பசுவும் வயலும் கையில் இருக்கும். கடைக்கு நல்ல நாள் பார்க்குமுன் குறிப்பேட்டைப் பார்த்தல் நன்று.