மூளி: விளிம்புச் சிதைவைக் குறிக்கும் ஒரு தமிழ்ச்சொல்

ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கி செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள உலு திராம், ரப்பர்த் தோட்டங்களின் நடுவே வளர்ந்த ஊராகும். மலாய்மொழியில் ‘உலு’ என்பது ஆற்றின் மேற்பகுதியையும் ‘திராம்’ என்பது சிப்பியையும் குறிக்கும். சிப்பியோட்டின் விளிம்பு இயல்பிலேயே அலையலையாக, ஒழுங்கின்றி வளர்வது. கத்தியை நுழைத்து ஓட்டைத் திறக்கும்போது அவ்விளிம்பு நொறுங்குவதும் உண்டு. முன்னது வளர்ச்சி, பின்னது இழப்பு. பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் இவ்விரண்டனுள் இழப்பை மட்டும் சுட்டுதற்குத் தமிழில் தனிச்சொல் உண்டா என்னும் வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

அறிவியல் எழுத்தில் ‘விளிம்புச் சேதம்’, ‘ஓர உடைப்பு’ போன்ற தொடர்களை நாம் ஆண்டு வருகிறோம். இவை பிழையல்ல, ஆயினும் தேய்தல், மடிதல், பிளத்தல், துண்டு பெயர்தல் ஆகிய அனைத்தையும் ஒரே கூடையில் இட்டுவிடுகின்றன. வழக்கில் உள்ள ‘மூளி’ என்னும் சொல்லோ இவற்றுள் ஒன்றை மட்டுமே துல்லியமாகச் சுட்டுகிறது. உறுப்புக்குறை என்பது அதன் பொதுப்பொருள். வாயுடைந்த பானையை மூளிப்பானை என்பர். பானை முழுதாக நிற்கிறது. விளிம்பில் ஒரு துண்டு மட்டும் இல்லை. அந்த இன்மையே மூளி. பெயர்ந்து விழுந்த துண்டு சில்லு. இழப்புக்கு ஒரு பெயரும் இழந்த பொருளுக்கு வேறொரு பெயரும் இருப்பது கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபடுவோர்க்குப் பெரும் வாய்ப்பாகும்.

விளிம்பு ஏன் எளிதில் மூளியாகிறது? கண்ணாடி, பீங்கான், கல் போன்ற நொறுங்கும் இயல்புடைய பொருள்களில் விளிம்பருகே விசை அழுத்தும்போது உள்ளே ஒரு விரிசல் எழுகிறது. பொருளின் நடுவிலாயின் அவ்விரிசலைச் சுற்றிலும் பொருள் தாங்கி நிற்கும். விளிம்பிலோ ஒருபுறம் வெளி. ஆகவே விரிசல் அப்புறமாக வளைந்து வெளியேறுகிறது, சில்லு பெயர்கிறது. ஆல்மண்ட், மெக்கார்மிக் ஆகிய இருவர் 1986இல் ‘நேச்சர்’ இதழில் இதனை ஆராய்ந்து எழுதினர். சில்லைப் பெயர்க்கத் தேவைப்படும் விசை, விளிம்பிலிருந்து அழுத்தும் இடம் எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அதற்கேற்பக் கூடுகிறது என்பதும், சில்லு பெரிதாயினும் சிறிதாயினும் அதன் வடிவம் ஏறத்தாழ ஒன்றே என்பதும் அவர்கள் கண்டவை. கற்கால மனிதன் இவ்வியல்பையே கருவியாக்கினான். 1863இல் இராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கண்டெடுத்த கற்கருவி, வேண்டுமென்றே சில்லு பெயர்த்து உருவாக்கியது. ஒருவனுக்குப் பழுதாவது மற்றொருவனுக்குத் தொழில்.

உலோகம் இவ்வாறு நடந்துகொள்வதில்லை. ரப்பர்த் தோட்டத்தில் பால் ஏந்தும் மங்கு இதற்கு நல்ல சான்று. பீங்கான் மங்கும் கண்ணாடி மங்கும் கீழே விழுந்தால் மூளியாகும். அலுமினிய மங்கு நெளியும். பால்வெட்டும் உளியிலோ இருவகையும் நிகழக்கூடும். எஃகு மென்மையாக இருப்பின் வாய் மடிகிறது. மிகைக்கடினமாகப் பதமேற்றப்பட்டிருப்பின் வாயில் துண்டு பெயர்கிறது. இரண்டையும் ‘மழுங்கல்’ என்று ஒருசேரக் கூறிவிட்டால் சரியான பராமரிப்பு அமையாது. மடிந்த வாயைத் தீட்டி நிமிர்த்தலாம். மூளியான வாயை அக்குறை மறையும்வரை தேய்த்தாக வேண்டும். பால்வெட்டில் மரத்தின் வளர்படலத்தைக் காக்க ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் பட்டையை விட்டுவைப்பது முறை. மூளியான உளி பட்டையைச் சீராகச் சீவாது கீறிச் செல்லும். காயம் வளர்படலத்தைத் தொட்டால் மீண்டும் வளரும் பட்டை மேடுபள்ளமாகிறது; அதன்மேல் பின்னர் வெட்டுவது கடினம்.

பானைக்கும் ஆயுதத்துக்கும் விளிம்பை ‘வாய்’ என்றே வழங்குவது கருதத்தக்கது. போரில் நுனி சிதைந்த வேல்கள் கொல்லன் களத்தில் கிடப்பதைப் புறநானூற்றின் 95ஆம் பாடலில் ஔவையார் காட்டுகிறார். கருவியின் விளிம்புநிலையைக் கூர்ந்து நோக்கும் மரபு நமக்குப் புதிதன்று.

சொல் வேறுபாட்டின் பயன் தொல்லியலில் இன்னும் தெளிவாகிறது. உலு திராமுக்கு அப்பால், 1587இல் போர்த்துக்கீசியர் அழித்த ஜொகூர் லாமாவில், சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்துள்ளன. பொதுவாக, கலத்தின் வாய்விட்டத்தைக் கணிக்க விளிம்போடு கூடிய ஓடே உதவும். ஆனால் விளிம்புக் குறை எல்லாம் உடைவன்று. 17ஆம் நூற்றாண்டுச் சீனக் கலங்கள் சிலவற்றில் விளிம்பின் மெருகுப்பூச்சு மட்டும் புள்ளிபுள்ளியாக உதிர்ந்திருக்கும். சூளையிலிருந்து ஆறும்போது களிமண்ணும் பூச்சும் ஒரே அளவில் சுருங்காமையே இதற்குக் காரணம். ஜப்பானியர் இதனைப் ‘பூச்சி அரித்தது’ எனப் பொருள்படும் ‘முஷிகுயி’ என்னும் சொல்லால் குறித்து, தேநீர்ச் சடங்கில் அழகாகவே போற்றினர். இதனை மூளி என்பது தவறு, ‘பூச்சுதிர்வு’ எனலாம். மூளி பயன்பாட்டில் நேர்வது. பூச்சுதிர்வுக்கு வித்து சூளையில் இடப்படுவது.

இனி ஒரு தடை. காதணி இழந்த பெண்ணையும் கைம்பெண்ணையும் ‘மூளி’ என இழித்துரைத்த வழக்கை நாம் அறிவோம். உடற்குறை உடையோரையும் இச்சொல் புண்படுத்தியுள்ளது. ஆசிரியர்கள் வகுப்பில் இதனை உச்சரிக்கத் தயங்குவதில் நியாயம் உண்டு. ஆயினும் சொல்லையே விலக்குவது அவ்வசைக்கே அதனை முழுவதும் ஒப்படைப்பதாகும் என்பது எம் கருத்து. மனிதர்க்கு இச்சொல்லை ஒருபோதும் ஆளாமல், ‘வாய்மூளி’, ‘விளிம்புமூளி’ எனப் பொருளின் உறுப்போடு இணைத்தே வழங்கின் குழப்பம் குறையும். அருங்காட்சியகப் பதிவேட்டில் “கிண்ணம், விளிம்புமூளி ஓரிடத்தில், சில்லு கிடைக்கவில்லை, பூச்சுதிர்வு இல்லை” என்று எழுதிப் பார்க்கலாம், ‘விளிம்புச் சேதம்’ என்னும் தொடர் இவற்றுள் எதனையும் தெரிவிப்பதில்லை.